பெயர் இழந்த பசு

பெயர் சூட்டும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றதோ, அப்பெயருக்குரிய பொருளின் விதியை முடிவு செய்யும் அதிகாரமும் நாளடைவில் அவரிடமே சென்று சேர்கின்றது. மொழி வரலாறு அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. நிலத்தின் வரலாற்றிலும் கால்நடையின் வரலாற்றிலும் இதே நியதி தொழிற்படுகின்றது என்பதை நமது விமர்சகர்கள் போதிய அளவு கவனித்தாரல்லர். உழவனைப் பற்றிய இலக்கியத்தை நாம் நிறையவே ஆராய்ந்துள்ளோம். உழவனோடு வெயிலில் நின்ற மாட்டைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. மாடு இலக்கிய விமர்சனத்திற்குரிய பொருளா என்று கேட்போரும் உளர். உழைப்பு இலக்கியத்திற்குரிய பொருளாயின், உழைப்பில் பங்கு கொண்ட உயிரும் அதற்குரிய பொருளே என்பது நமது விடை.

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையில், வில்பத்துக் காட்டின் தெற்கு எல்லையை ஒட்டி அமைந்திருக்கின்றது எலுவன்குளம். கலா ஓயா அப்பகுதியில்தான் கடலை நோக்கி இறங்குகின்றது. சிங்களத்தில் ஆட்டுக்கு ‘எளுவா’ என்று பெயர். குளம் நாமறிந்த சொல். பெயராராய்ச்சியில் இறங்காமலே நோக்கினும், இரு மொழிகளும், மேய்ச்சலும் நீரும், இவ்வூர்ப் பெயருள் ஒன்றையொன்று சந்திப்பது போலத் தோன்றுகின்றது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. பின்னர் நெடிய வறட்சி. தென்மேற்குக் காற்று இலங்கையின் மறுபுறத்தே மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறுங்கையோடு வருகின்றது. பாலையும் வீரையும் உடையும் வளரும் காடு. மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கோடையில் புல் முளைக்கும் ‘வில்லு’ என்னும் தாழ்நிலங்கள். அறுவடைக்குப்பின் வெறிதாய்க் கிடக்கும் வயல்கள். இலங்கையின் வறண்ட வலயமெங்கும் நாட்டு மாடு உயிர்வாழ்ந்தது இத்தகைய நிலத்தை நம்பித்தான்.

அது சிறிய மாடு. திமிலுடையது. நாளொன்றுக்கு ஒரு லீற்றர், மிஞ்சினால் இரண்டு லீற்றர் பால் தருவது. எவரும் அதற்குத் தவிடோ புண்ணாக்கோ வாங்கிப் போடுவதில்லை. காலையில் பட்டியைத் திறந்துவிட்டால் மேய்ந்து, மாலையில் தானே திரும்பும். இத்தகைய மாட்டுக்கு அரசாங்க ஏடுகளில் ஒரு பெயர் உண்டு. ‘இன்ன இனமென்று விவரிக்க இயலாதது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று இந்திய, இலங்கைக் கால்நடை அறிக்கைகளில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. விவரிக்க இயலாமை மாட்டின் குறையா, விவரிக்க வந்தவரின் குறையா என்பதே நாம் எழுப்பும் வினா.

பள்ளன் அறிந்த பெயர்கள்

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் பள்ளு இலக்கியத்திற்குச் செல்லவேண்டும். தாமிரபரணியும் சிற்றாறும் கூடுமிடத்து வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஈழத்திலும் கதிரைமலைப்பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு, கிறித்தவச் சார்புடைய ஞானப்பள்ளு எனப் பள்ளுகள் தோன்றின. இவ்விலக்கிய வகையை நாம் இதுவரை இரண்டு கண்ணோட்டங்களில் நோக்கிவந்துள்ளோம். ஒன்று, சிற்றிலக்கியச் சுவை நோக்கு. மற்றொன்று, பண்ணைக்காரனுக்கும் பள்ளனுக்குமிடையே நிலவிய உற்பத்தி உறவுகளை வெளிப்படுத்தும் சமூக நோக்கு. இரண்டாவது நோக்கே முற்போக்கு விமர்சனம் தமிழுக்கு அளித்த கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நோக்கிலும் ஒரு பகுதி விடுபட்டுப் போயிற்று.

பண்ணைக்காரன் முன்னிலையில் பள்ளன் கணக்குச் சொல்லும் இடங்கள் பள்ளில் வருகின்றன. விதைகளை அவன் வகைவகையாகப் பெயர் சொல்லி அடுக்குகின்றான். மாடுகளையும் அவ்வாறே அடுக்குகின்றான். மயிலை என்பது நிறத்தாற் பெற்ற பெயர். செம்மறையன் உடலிலுள்ள மறுக்களாற் பெற்ற பெயர். மட்டைக்கொம்பனும் கூடுகொம்பனும் கொம்பின் வடிவாற் பெற்றவை. காலிலுள்ள வரியினால் ஒன்று அணிற்காலனாகின்றது. இவற்றை நாம் பள்ளிக்கூடத்தில் வெறும் பட்டியலாகப் படித்தோம். மனனம் செய்ய இயலாத சுமை என்று வெறுத்தோம். உண்மையில் அப்பட்டியல் ஓர் அறிவுத்துறையின் ஆவணமாகும். நிறம், கொம்பு, குளம்பு, செவி, வால், குணம் என்ற அளவைகளைக் கொண்டு மந்தையைப் பகுத்துணரும் முறை அதிலே பொதிந்துள்ளது. ஏட்டைத் தொட உரிமையற்றிருந்த ஒரு வர்க்கம் தன் நினைவிலே பேணிய மந்தைப் பதிவேடு அது.

அவ்வறிவு எவருடையது என்பதையும் மறத்தலாகாது. மாடு பண்ணைக்குச் சொந்தம். பெயர் பள்ளனுக்குச் சொந்தம். உடைமை ஒருவனிடமும் அறிவு மற்றொருவனிடமும் இருந்த சமுதாயம் அது. அதே பள்ளன்தான் தொழுக்கட்டையில் மாட்டப்பட்டுத் தண்டிக்கப்படுகின்றான். அவனைத்தான் உழவின்போது மாடு முட்டிச் சாய்க்கின்றது. ஆகவே, அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ நாம் இங்கு வரவில்லை. நிலப்பிரபுத்துவத்தின் கொடுமைக்குள்ளே கூட உழைப்பாளி உருவாக்கிய அறிவு ஒன்று இருந்தது என்பதே நாம் வற்புறுத்துவது. கொடுமை ஒழியவேண்டும். அதனோடு அறிவும் சேர்ந்து ஒழிந்ததுதான் நமக்கு நேர்ந்த நட்டம். பள்ளனுக்கு ஒரு தொழுவிலேயே பல பெயர்கள் தெரிந்திருந்தன. நவீன அரசின் அறிக்கைக்கோ ஒரு நாடு முழுவதிலுமுள்ள மாடுகளுக்கு ஒரே பெயர் போதுமாயிற்று. அதுவும் பெயரில்லை என்று பொருள்படும் பெயர்.

இது இலங்கைக்கோ இந்தியாவுக்கோ மட்டும் உரிய நிலையன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பண்ணை விலங்குகளின் நிலைபற்றி வெளியிட்ட இரண்டாவது உலக அறிக்கை, உலகின் இனங்களில் 17 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன என்று கூறிற்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது மற்றோர் எண். 58 விழுக்காடு இனங்களின் நிலை என்னவென்றே தெரியாது என அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. அழிவது ஒரு துயரம். அழிகின்றதா இல்லையா என்று கூட அறியப்படாமல் அழிவது வேறொரு துயரம். ஏழைகளின் சாவுக்குக் கணக்கில்லாதது போலவே ஏழைகளின் மாட்டுக்கும் கணக்கில்லை.

‘தரிசு’ என்ற சொல்

மாட்டுக்கு நேர்ந்தது அதற்கு முன்பே நிலத்திற்கு நேர்ந்துவிட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளையும் பயிரிடாத நிலங்களையும் முடிக்குரியவை என்று அனுமானிக்க வழி செய்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அவ்வழியை மேலும் அகலமாக்கிற்று. மலைநாட்டில் கோப்பித் தோட்டத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் நிலம் சேர்க்கப்பட்ட கதையை மாணவர்கள் படிக்கின்றனர். ஆனால் வறண்ட வலயத்தில் அச்சொல் செய்த வேலையை எவரும் கற்பிப்பதில்லை. ஊர் முழுவதற்கும் பொதுவாயிருந்த மேய்ச்சற்றரைக்கு எவரிடம் பத்திரம் இருந்திருக்க முடியும்? பத்திரமில்லாதது தரிசாயிற்று; தரிசு அரசினதாயிற்று; அரசினது எதற்கும் பயன்படுத்தத்தக்கதாயிற்று.

எலுவன்குளத்தை உள்ளடக்கிய வண்ணாத்திவில்லுப் பிரிவிலேயே இதற்குச் சான்று உண்டு. அருவக்காட்டில் சீமெந்து ஆலைக்கெனச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்டது. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து மக்கள் மாண்டபின், தலைநகரின் குப்பையைக் கொண்டுவந்து அதே அருவக்காட்டில் கொட்டும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. புத்தளம் மக்கள் வீதியிலிறங்கி எதிர்த்தனர். எனினும் 2019இல் குப்பை வந்தே சேர்ந்தது. ஒரு நிலத்தைத் தரிசு என்று பெயரிட்டால் இறுதியில் அங்கே என்ன வந்து சேரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கமாட்டாது.

மறுபுறத்தே காடு. வில்பத்து 1938இல் தேசிய வனமாயிற்று. வனவிலங்கைக் காப்பது நியாயமான நோக்கமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் காட்டுக்கும் ஊருக்குமிடையே கிடந்த மேய்ச்சல் நிலத்தை எவரும் கருத்திற் கொள்ளவில்லை. ஒரு பக்கம் வேலி, மறு பக்கம் அகழி, நடுவே தென்னந்தோட்டம் என்றாகும்போது மாட்டுக்காரன் எங்கே போவான்? அவன் நுழையுமிடமெல்லாம் குற்றமாகின்றது. அவன் மாட்டுக்குக் ‘கட்டாக்காலி’ என்ற பெயர் மட்டும் எஞ்சுகின்றது.

லீற்றரால் அளக்கப்பட்ட மாடு

நாட்டு மாட்டின் மீது சாட்டப்படும் குற்றம் ஒன்றே: அது போதிய பால் தருவதில்லை. இக்குற்றச்சாட்டை உணர்ச்சிவசப்பட்டு மறுப்பது பயனற்றது. ஒரு லீற்றரும் இருபது லீற்றரும் சமமல்ல. குழந்தைகளுக்குப் பால் வேண்டும். நாட்டில் பால் பற்றாக்குறை உண்டு. ஆயின் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எத்தனை லீற்றர் என்பதோடு, எதை உண்டு, எவ்வளவு நீரைக் குடித்து, எவ்வளவு மருந்தைப் பெற்று, எவருடைய கடனில் அந்த லீற்றர் கறக்கப்படுகின்றது என்பதையும் சேர்த்துக் கேட்டாலன்றிக் கணக்கு முழுமை பெறாது.

திமிலுடைய மாட்டினம் வெப்பத்தைத் தாங்குவது தெய்வச் செயலன்று. அதன் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை. தோலின் மேற்பரப்பிற்கு அண்மையில் அமைந்தவை. மயிர் குறுகியும் வழவழப்பாயும் இருப்பதால் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகின்றது. உடலின் எரிசக்திச் செலவே குறைவாதலால் உள்ளே பிறக்கும் வெப்பமும் குறைவு. தீனி குறையுங் காலத்தில் அச்செலவை அது இன்னும் சுருக்கிக்கொள்கின்றது. புரதம் மிகக் குறைந்த காய்ந்த புல்லைத் தின்றும், உடலிலுள்ள யூரியாவை மீண்டும் இரைப்பைக்கே அனுப்பி அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு ஊட்டி உயிர்வாழ வல்லது. உண்ணியின் தாக்குதலையும் ஐரோப்பியப் பசுவைவிட நன்றாக எதிர்த்து நிற்கின்றது. இவை யாவும் எண்ணற்ற கோடைகள் தேர்ந்தெடுத்த குணங்கள். நலிந்தவை மாண்டன; தாங்கியவை ஈன்றன.

இக்குணங்களைக் கணக்கில் எடுக்காத திட்டத்திற்கு நேர்வது என்ன என்பதை இலங்கை அண்மையில் கண்டது. அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவைப் பசுக்களை இறக்குமதி செய்வதென்று திட்டமிடப்பட்டு, முதற்கட்டமாக 5,000 பசுக்கள் 2017ஆம் ஆண்டளவில் வந்திறங்கின. கடன்பட்டு அவற்றை வாங்கிய பண்ணையாளர் பலர், சொல்லப்பட்ட அளவு பால் கிடைக்கவில்லை என்றும், பசுக்கள் நோயுற்று இறந்தன என்றும் முறையிட்டனர். பசு குற்றவாளியன்று. குளிர்ந்த நிலத்தில், செறிந்த தீனியில், மருத்துவர் அருகிருக்க வாழும்படி உருவாக்கப்பட்ட உயிரைப் பிடுங்கி வெயிலில் நட்டவர்களே குற்றவாளிகள்.

உலகெங்கும் பரவியுள்ள அப்பெரும் பால் இனத்தின் உள்நிலையும் வலிமையானதன்று. அமெரிக்காவில் செயற்கைச் சினையூட்டலுக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறத்தாழ அனைத்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த இரண்டே காளைகளின் ஆண்வழியில் வந்தவை என்று 2015இல் ஓர் ஆய்வு நிறுவிற்று. இலட்சக்கணக்கான தொழுவங்கள், இரண்டே தந்தைவழி. முதலாளித்துவ உற்பத்தி எல்லாவற்றையும் பெருக்குவது போலத் தோன்றி, அடியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்குகின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

மாட்டை லீற்றரால் மட்டும் அளந்ததன் விலை 2021இலும் தெரியவந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. ஒரே போகத்தில் நாடு முழுவதும் இயற்கை விவசாயத்திற்கு மாறவேண்டுமென்றது. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை கைவிடப்பட்டது. எரு எங்கிருந்து வரும் என்று அரசு யோசித்ததாகத் தெரியவில்லை. அறுவடை முடிந்த வயலில் பட்டி அடைத்து எருவும் சலமும் சேர்த்த வழக்கம், மாடு வளைத்துச் சூடு மிதித்த வழக்கம் யாவும் உழவு இயந்திரத்தின் வருகையோடு மங்கிவிட்டிருந்தன. பல பத்தாண்டுகளாகப் பட்டிக்காரனைத் துரத்திய அரசு, ஒரே இரவில் அவனுடைய எருவைக் கேட்டது. அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணி வற்றி, பால்மா வாங்க மக்கள் வரிசையில் நின்றனர். 1977க்குப் பின் திறக்கப்பட்ட சந்தையினூடே வந்த பால்மா ஒரு தலைமுறையின் தேநீர்க் கோப்பையை ஆண்டது. டொலர் தீர்ந்ததும் கோப்பை கறுத்தது.

புகழ்வோரின் மாடு

இதுவரை நாட்டு மாட்டை இகழ்வோரைக் கண்டித்தோம். அதனைப் புகழ்வோரையும் விமர்சனத்திற்கு உட்படுத்துவது நமது கடமை. இகழ்ச்சி மாட்டின் பெயரைப் பறித்தது. புகழ்ச்சியோ மேய்ப்பவனின் பெயரை மறைக்கின்றது.

தமிழகத்தின் கொங்குப் பகுதியில் வளரும் காங்கயம் மாடு, வறண்ட நிலத்திற்கேற்ற வன்மையான இனங்களுள் ஒன்று. காரி, மயிலை, செவலை, பிள்ளை என்று நிறத்தால் அதனை அங்குள்ளோர் அழைப்பர். கொழுக்கட்டைப்புல் முளைத்து, வெள்வேல மரங்கள் நிழல் தந்து, முள்கிளுவை உயிர்வேலியாய்ச் சூழ்ந்த ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலமே அதன் தாய்வீடு. கிணற்றில் கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் உழவும் அது பெயர்பெற்றது. மின்விசைப் பம்பு வந்தது. உழவு இயந்திரம் வந்தது. பாலுக்கெனக் கலப்பினப் பசு வந்தது. மாட்டுக்கு வேலை போயிற்று. வேலையிழந்த தொழிலாளிக்கு நேர்வதே அதற்கும் நேர்ந்தது. இன்று இவ்வினத்தைக் காக்க அங்கே நன்முயற்சிகள் நடைபெறுகின்றன. கொறங்காட்டையும் சேர்த்தே காக்கவேண்டுமென்று உணர்ந்தோர் அம்முயற்சிகளில் உளர். அதனைப் பாராட்டுகின்றோம். எனினும், இவ்வினத்தின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் பழையகோட்டைப் பட்டக்காரரின் பெயர் முன்னே நிற்கின்றது. மந்தையைத் தேர்ந்து வளர்த்ததில் அக்குடும்பத்திற்குப் பங்குண்டு. அது பதிவாகியுள்ள செய்தி. ஆனால் அம்மந்தையை விடியுமுன் ஓட்டிச்சென்று இருட்டியபின் அடைத்தவர்களின் பெயர் எங்கே?

இவ்விடத்தில் இரண்டு படைப்புகளை அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ காளையைப் பற்றிய தமிழ்ப் புனைவுகளுள் தலைசிறந்தது. ஜமீன்தாரின் காரி பிச்சியிடம் தோற்றபின், ஜமீன்தாரே அதனைச் சுட்டுக்கொல்கின்றார். இம்முடிவைப் பலரும் மனித–விலங்கு மோதலின் அவலமாகக் கண்டனர். நாம் அதில் உடைமையின் நியதியைக் காண்கின்றோம். கௌரவத்தின் சின்னமாக வளர்க்கப்படும் மாடு, கௌரவம் உள்ளவரையில்தான் உயிர்வாழும். சின்னம் உடைந்ததும் துப்பாக்கி எழுகின்றது. பெருமைக்காக ஓர் இனத்தைக் காப்போம் என்று முழங்குவோர் இம்முடிவை நிதானமாக மீண்டும் படிக்கவேண்டும்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே கொங்கு மண். ஆனால் கதை ஆடு மேய்க்கும் தலித் சிறுவனுடையது. பண்ணையத்தில் ஆளாய் விடப்பட்ட கூளையன் தன் ஆடுகள் ஒவ்வொன்றையும் பெயரும் குணமும் சொல்லி அறிவான். அவற்றுள் ஒன்று கூட அவனுடையதன்று. பள்ளின் பள்ளனுக்கும் இச்சிறுவனுக்கும் இடையே முன்னூறு ஆண்டுகள் போல் இடைவெளி உண்டு. அறிவுக்கும் உடைமைக்கும் இடையேயுள்ள பிளவு மட்டும் மூடவில்லை. வாடிவாசலில் மாட்டின் புகழைக் காண்கின்றோம். கூளமாதாரியில் மேய்ச்சலின் விலையைக் காண்கின்றோம். நாட்டினப் பாதுகாப்பைப் பேசும் எவரும் இரண்டாவது நூலைப் படியாமல் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுவது அரைகுறை வாசிப்பாகும்.

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் இலட்சக்கணக்கான இளைஞர் கூடினர். சல்லிக்கட்டு இல்லையேல் நாட்டுக் காளை இல்லை என்றனர். அதிலே உண்மையின் ஒரு கூறு உண்டு. பொலிகாளையை வளர்ப்பதற்கு ஏழைக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆனால் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தபோது, அக்கடற்கரைக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கேனும் கூடிற்றா? பின்னர் அத்தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவிற்குக் குறுக்கப்பட்டது. பர்கூர் மலை மாட்டுக்காரரும் தெற்கத்தி மலைமாட்டுக் கீதாரிகளும் அந்நாட்களில் அடைந்த கலக்கம் நகரத்துக்கு எட்டவேயில்லை. காளைக்குக் கூடிய கூட்டம் புல்லுக்குக் கூடவில்லை.

இன்னொரு புகழ்ச்சி இதனினும் ஆபத்தானது. பசுவைப் புனிதமாக்கி, அப்புனிதத்தை மற்றொரு சமூகத்தின் மீது எறியும் கல்லாக்குவது அது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை இணங்கியது. ஜீவகாருண்யம் பேசப்பட்டது. கறவை ஓய்ந்த மாட்டையும் மிகுதியான காளைக்கன்றையும் விற்க முடியாத பட்டிக்காரன், அடுத்த கன்றை எதைக் கொண்டு வளர்ப்பான் என்பது பேசப்படவில்லை. புத்தளக் கரையில் முஸ்லிமும் தமிழரும் சிங்களவரும் கலந்தே வாழ்கின்றனர். ஒருவன் வளர்த்ததை ஒருவன் வாங்கி ஒருவன் விற்கும் உறவிலேதான் மந்தை நிலைத்தது. அவ்வுறவை அறுப்பவன் எந்த மதத்தின் பெயரால் அறுத்தாலும் மாட்டுக்கும் பகைவனே.

நம் பக்கத் தவறு

பிறரை விமர்சிப்போர் தம்மையும் விமர்சிக்கவேண்டும். இடதுசாரி இயக்கமும் மேய்ப்பவனை நீண்ட காலம் புரிந்துகொள்ளவில்லை. உழவு இயந்திரத்தை விடுதலையின் சின்னமாகக் கண்ட நாம், மந்தையை ஓட்டுபவனைப் பழமையின் எச்சமாகக் கண்டோம். இத்தவறு சொற்களோடு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் கசாக் நாட்டில் இடம்பெயர்ந்து மேய்த்த மக்களைப் பலவந்தமாக ஓரிடத்தில் குடியமர்த்தி, மந்தைகளைக் கூட்டுப்பண்ணையில் சேர்த்தபோது, கால்நடையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. பஞ்சத்தில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் மடிந்தனர். அவர்களுக்கு நிலம் வெறும் பரப்பு அல்ல, பருவத்தோடு நகரும் ஒரு கணக்கு என்பதைத் திட்டமிட்டோர் அறிய மறுத்தனர். வறுமையைப் போக்க வந்தவர்கள் வறியவனின் அறிவை வறுமையின் பகுதியென்று எண்ணிவிட்டனர். மக்களுக்காகப் பேசுவோர் மக்களின் அறிவைக் கேளாது பேசினால் என்ன நேரும் என்பதற்கு இது மறக்கக்கூடாத பாடம்.

காப்பது எதனை?

2007இல் சுவிற்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் கூடிய நாடுகள், விலங்கு மரபுவளங்களைக் காக்க உலகத் திட்டமொன்றை ஏற்றன. விந்தையும் கருமுட்டையையும் திரவ நைதரசனில், பூச்சியத்திற்குக் கீழே 196 பாகையில் உறையவைத்துக் காக்கும் முறை இன்று உண்டு. அது வேண்டியதே, தீ விபத்துக்கு அஞ்சி நூலின் பிரதியொன்றை வேறிடத்தில் வைப்பது போன்றது அது. ஆனால் படிப்பவரில்லாத பிரதி எதற்கு? உறைந்த விந்துக்கு அடுத்த கோடை தெரியாது. புதிய நோய் தெரியாது. எந்தக் குளம் முதலில் வற்றும், எந்தப் புல் இறுதிவரை பசுமையாயிருக்கும் என்பதைத் தாய்ப்பசுவின் பின்னே நடந்து கற்கும் கன்றுக்குத்தான் தெரியும். அதனை அறிந்து மந்தையைத் திருப்பும் மனிதனுக்குத்தான் தெரியும். இனம் என்பது நிலமும் விலங்கும் உழைப்பும் சேர்ந்து நெய்த உறவு. அவ்வுறவில் ஓரிழையை அறுத்துவிட்டு மற்றோரிழையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதைப் பாதுகாப்பு என்று நாம் கூறமாட்டோம்.

இதனை ஏட்டறிவின்றியே உணர்ந்தவர்கள் மட்டக்களப்புப் பண்ணையாளர்கள். மயிலத்தமடு–மாதவனை மேய்ச்சற்றரை அபகரிக்கப்படுவதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மாட்டைத் தாருங்கள் என்றோ மானியம் தாருங்கள் என்றோ அவர்கள் கேட்கவில்லை. மேய்க்கும் தரையை விடுங்கள் என்றே கேட்டனர். கால்நடைப் பாதுகாப்பின் முழுத் தத்துவமும் அவ்வொரு கோரிக்கையில் அடங்கியிருக்கின்றது. எலுவன்குளத்திற்கும் அதுவே பொருந்தும். மேய்ச்சற்றரையை எல்லையிட்டுப் பொதுவுரிமையாகச் சட்டத்தில் பதிக்கவேண்டும். காட்டோரத்தில் எந்தப் பருவத்தில் எவ்வளவு மேய்ச்சல் என்பதை வனத்துறையும் பட்டிக்காரரும் கூடியிருந்து முடிவு செய்யவேண்டும். கலப்பினமாக்கும் திட்டம் வறண்ட வலயத்தில் நாட்டுப் பொலிகாளைக்கு இடம் விடவேண்டும். நாட்டுப் பாலுக்கும் எருவுக்கும் உரிய விலை வேண்டும். அவ்விலை நகரத்து வணிகரிடம் தங்கிவிடாமல் மேய்ப்பவன் கைக்குச் சேரவேண்டும். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை 2022இலேயே அறிவித்தது. ஆண்டுகளை அறிவிப்பது எளிது. ஓர் ஊரின் தரையை விட்டுக்கொடுப்பதே கடினம்.

ஆசிரியரும் மாணவரும் இதில் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். அவர்களால் இயலக்கூடிய வேலை ஒன்று உண்டு, அவர்களாலேயே இயலக்கூடியதுமாகும். பள்ளு பாடம் நடக்கும் வகுப்பிலிருந்து மாணவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஊரில் எஞ்சியிருக்கும் முதிய பட்டிக்காரரிடம் அமரச் செய்யுங்கள். அவர் தம் மாடுகளை எப்பெயரால் அழைக்கின்றார், எந்தக் குறி எவருடையது, வறட்சியில் எந்த வில்லுக்கு ஓட்டினார், எந்தத் தழையை மாடு தொடாது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் தமிழில் சொன்னாலும் சிங்களத்தில் சொன்னாலும் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். சொன்னவரின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். பள்ளின் காலத்திலிருந்து விடுபட்டுவரும் பெயர் அதுதான்.

விவரிக்க இயலாதது என்று ஏட்டில் எழுதப்பட்ட மாடு, விடியலில் பட்டி திறந்ததும் தன் பெயர் கேட்டுத் திரும்பிப் பார்க்கின்றது. அப்பெயரைச் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே நாம் அங்கே சென்றுவிடவேண்டும்.